கம்பெனி ரெடி, விசா ரெடி, டெஸ்ட்தான் பாக்கி

“கம்பெனி ரெடிக்கா, விசாவும் ரெடி. டெஸ்ட்தான் பாக்கி.” சவுதிக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இப்போதெல்லாம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அடுத்து வருகிற கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான். வேலை கொடுக்கிற முதலாளியே சரி என்று சொல்லிவிட்டான், டிக்கெட்டும் அவனே போடுகிறான், நடுவில் யார் வந்து பரீட்சை வைப்பது? எதற்கு வைப்பது? நியாயமான கேள்வி. ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே நின்றபடி பதில் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும். உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இருப்பது கடையம், கடையநல்லூர் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில், மலையடிவாரத்து ஊர். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் என்றால் நிறையப் பேருக்குப் பிடிபடும். இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், பிஎஃப், பட்டா, எல்லாவற்றுக்கும் வருவார்கள். அம்மா பீடி சுற்றுவார், அப்பா வயலுக்கோ கட்டட வேலைக்கோ போவார், மூத்த பையன் வெளிநாட்டில் இருப்பான் என்பதுதான் இந்தப் பக்கத்தில் பல வீடுகளின் கதை. அந்த மூத்த பையன்களின் காகிதங்கள் என் கை வழியாகத்தான் போகின்றன.

முந்திய தலைமுறைக்கு இந்தப் பரீட்சை கிடையாது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனவர்களை, முன்னால் போன சொந்தக்காரர் கூப்பிட்டுக்கொண்டார். இறங்கிய இடத்தில் கிடைத்த வேலையைப் பார்த்தார்கள். அப்படிப் போனவர்கள்தான் 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்து, 1946-ல் உமறுப்புலவர் பெயரில் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியும் தொடங்கினார்கள். எழுபதுகளில் வளைகுடாவின் எண்ணெய்ப் பணம் கதவைத் திறந்தபோது, ‘ட்ரேட் டெஸ்ட்’ என்ற ஒன்று வந்தது. கம்பெனி ஆள் மும்பைக்கோ சென்னைக்கோ வருவார். ஏஜெண்ட் ஏற்பாடு செய்த ஷெட்டில் வெல்டருக்கு ஒரு பிளேட் கொடுப்பார், எலக்ட்ரீசியனுக்கு ஒரு போர்டு கொடுப்பார். அரை மணி நேரத்தில் செலக்ட், ரிஜெக்ட். நன்றாக வேலை தெரிந்த ஒருவன் சட்டையில் ஒரு பட்டன் இல்லாமல் போய் நின்றாலும் செலக்ட் ஆகிவிடுவான். ஏனென்றால் பார்க்கிற கண் அந்தத் தொழில் தெரிந்த முதலாளியின் கண்.

இப்போது வந்திருப்பது அது இல்லை. இப்போது டெஸ்ட் வைப்பது அந்த நாட்டு அரசாங்கம், அல்லது அரசாங்கம் நியமித்த மூன்றாவது ஆள். முதலாளிக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்பது இரண்டாவது விஷயமாகிவிட்டது. ‘இந்தத் தொழில் பெயரில் விசா கேட்கிறாயே, அந்தத் தொழில் உனக்குத் தெரியும் என்று எங்களுக்குக் காட்டு’ என்கிறார்கள். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். நம் பிள்ளைகள் தயாராவது முதலாளியின் கண்ணுக்கு. கேட்கப்படுவதோ, அவர்களை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒருவருக்கு விளங்குகிற சாட்சி.

சவுதியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முதலில் இடிப்பது அதுதான். 2022 டிசம்பரில், சவுதி மனிதவள அமைச்சகத்துக்காக தக்காமுல் என்ற நிறுவனம், நம்முடைய தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தோடு சேர்ந்து, திறன் சரிபார்ப்புத் திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. முதல் கட்டத்தில் பிளம்பர், எலக்ட்ரீசியன், வெல்டர், ஏசி டெக்னீஷியன், ஆட்டோ எலக்ட்ரீசியன் என்று ஐந்து தொழில்கள். பிறகு பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. டெஸ்ட் இரண்டு பகுதி: கம்ப்யூட்டரில் கேள்விக்குப் பதில், பிறகு கையால் செய்து காட்டுவது. இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். அது இல்லாமல் அந்தத் தொழிலுக்கு விசா ஸ்டாம்பிங் நடக்காது. 2025 ஜனவரியிலிருந்து படிப்பும் தொழில் தகுதியும் முன்கூட்டியே சரிபார்க்கப்பட வேண்டும் என்பது இந்தியர்களுக்குக் கட்டாயமாகிவிட்டது.

சவுதிக்காரர்கள் ஏன் இதைக் கொண்டுவந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எலக்ட்ரீசியன் என்று விசா எடுத்து வந்தவருக்கு ஒரு சுவிட்ச் போர்டைப் பிரிக்கத் தெரியாது. ‘ஃப்ரீ விசா’ என்ற பெயரில் ஏதோ ஒரு தொழிலைக் காட்டி உள்ளே வந்து, வெளியில் வேறு வேலை பார்ப்பது பல வருஷமாக நடந்தது. அதில் லாபம் பார்த்தவர்கள் ஏஜெண்டுகளும் விசா விற்றவர்களும். மாட்டிக்கொண்டது வேலைக்காரர்கள். தன் பெயரில் இருக்கிற தொழில் ஒன்று, செய்கிற வேலை வேறு என்றால், சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கப் போகக்கூடப் பயம். அந்த வகையில் தொழிலையும் ஆளையும் பொருத்திப் பார்க்கிற ஒரு சோதனை வந்ததை நான் எதிர்க்கவில்லை. நல்ல வெல்டருக்கு அது கவுரவம்.

ஆனால் அந்தப் பழைய பழக்கம் இன்னும் விடவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். சென்னையில் பெரிய பெரிய கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவன்.

“அக்கா, விசா பிளம்பர்னு வந்திருக்கு. ஆனா அங்க வேலை ஸ்காஃபோல்டிங்தான்னு ஏஜெண்ட் சொல்லுதாரு.”

“அப்ப எந்த டெஸ்ட்டுக்கு ஸ்லாட் போடச் சொல்லுத?”

“அதான்க்கா தெரியல. பிளம்பர் டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் கிளாஸ் எடுத்தாப் போதும்னு சொல்லுதாங்க.”

இக்காமாவில், அதாவது சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டையில், என்ன தொழில் ஏறப்போகிறதோ, அந்தத் தொழிலுக்குத்தான் டெஸ்ட். சாரம் கட்டுவதில் அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பிளம்பர் விசாவுக்குக் குழாயைத்தான் பொருத்திக் காட்ட வேண்டும். ஒரு வாரக் கிளாஸில் தேறிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே சாரத்தில் இருந்து விழுந்து அடிபட்டால், காகிதத்தில் அவன் பிளம்பர். நஷ்டஈட்டுப் பேச்சு வருகிறபோது அந்த ஒரு சொல் அவனுக்கு எதிராக நிற்கும். ஏஜெண்டிடம் மீதிப் பணத்தைக் கட்டாதே, உன் தொழிலின் பெயரில் விசா வாங்கித் தரச் சொல் என்றேன். வீட்டில் சண்டை. அவனுடைய அப்பா கடைக்கே வந்து, “ஏம்மா, வந்த விசாவ நீ தள்ளிவிடச் சொல்லுதியே” என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார், நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். அவரை உட்கார வைத்து மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். அந்தத் தம்பி காத்திருந்து, சாரம் கட்டுகிற வேலைக்கே வேறு கம்பெனியில் விசா கிடைத்துப் போனான். எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடாது என்பது தெரியும். ஆனாலும் ஏஜெண்டிடம் பேசுகிறபோது முதல் கேள்வி சம்பளமாக இருக்கக் கூடாது. விசாவில் என்ன தொழில் என்பதுதான் முதல் கேள்வி.

தொழில் சரியாக இருந்தும் தேறாதவர்கள் உண்டு. பாவூர்சத்திரம் பக்கத்து பிளம்பர் ஒருவர், பதினைந்து வயதில் மாமாவோடு வேலைக்குப் போனவர். அவர் போட்ட லைனில் கசிவு என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவரே தேறவில்லை. என்ன நடந்தது என்று விசாரித்தால், கையில் குறையே இல்லை. நம்மூரில் எல்லாம் அங்குலமும் நூலும்தான்: முக்கால் இஞ்ச் பைப், நாலு நூல் தள்ளி ஓட்டை. அங்கே கொடுத்த தாளில் எல்லாம் மில்லிமீட்டர். அதுவும் ஒரு வரைபடம். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று. அவர் வாழ்நாளில் வரைபடத்தைப் பார்த்து வேலை செய்ததே இல்லை. வீட்டுக்காரர் சுவரில் கையை வைத்து “இங்கன ஒரு பைப் வேணும்” என்று காட்டுவார், அவர் வைத்துக் கொடுப்பார். எலக்ட்ரீசியன்களுக்கும் இதேதான். மூணு இருபது, ஏழு இருபது என்று வயரைக் கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு, ‘2.5 சதுர மில்லிமீட்டர் எதற்குப் பயன்படும்’ என்ற கேள்வி பிடிபடாது. பதில் தெரியும், கேள்வி புரியாது.

இன்னொன்று பாதுகாப்பு. ஹெல்மெட், கண்ணாடி, ஷூ, கையுறை. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் கை வைப்பது. வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்வது. இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. செருப்புக் காலோடு கிரைண்டர் பிடித்தே பழகிய பிள்ளை, மூடிக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கட்டிங் வீலை ஓடவிட்டால், வெட்டு எவ்வளவு நேராக இருந்தாலும் மார்க் போய்விடும். போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். இந்த ஒரு விஷயத்தில் டெஸ்ட் பக்கம்தான் நான். கட்டிங் வீல் தெறித்துக் கண் போன ஆட்களை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

வெல்டர்கள் கொஞ்சம் பரவாயில்லை. மூணு ஜி, நாலு ஜி, ஆறு ஜி என்று பொசிஷன் வைத்து ஆளை மதிப்பிடுவது அவர்கள் தொழிலிலேயே இருக்கிறது. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் வைத்துச் சுற்றிப் பற்றவைக்கிற ஆறு ஜி தேறியவன் என்றால் உலகம் முழுக்க அதற்கு ஒரே அர்த்தம். மற்ற தொழில்களுக்கு அப்படி ஒரு பொது அளவு இல்லை. கொத்தனாருக்கும் சாரம் கட்டுகிறவருக்கும் ‘நல்ல கை’ என்ற பேர் உள்ளூரோடு நின்றுவிடுகிறது.

சிங்கப்பூர்க் கதை இதைவிடப் பழையது. புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கம் ‘டெஸ்ட் அடிச்சுட்டானா?’ என்று கேட்டால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கட்டுமான வேலைக்கு இந்தியாவிலிருந்து போகிறவர், சிங்கப்பூரின் கட்டடக் கட்டுமான ஆணையம் வைக்கிற திறன் தேர்வில் தேறியிருந்தால்தான் ஒர்க் பெர்மிட். டைல்ஸ், கம்பி கட்டுவது, ஷட்டரிங், பைப் லைன், வயரிங் என்று தொழில்வாரியாகத் தேர்வு. அதை நடத்த அங்கீகாரம் பெற்ற மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. செய்முறையும் உண்டு, எழுத்துத் தேர்வும் உண்டு.

அங்கே இந்தத் தேர்வோடு முதலாளியின் பையும் கட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்கு லெவி கட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத் துறையில் இந்தியத் தொழிலாளி அடிப்படைத் திறன் பிரிவில் இருந்தால் மாதம் 900 டாலர். உயர்திறன் பிரிவில் இருந்தால் 500 டாலர். நானூறு டாலர் வித்தியாசம். உயர்திறன் பிரிவுக்கு ஏறுவதற்கு மேல்நிலைத் தேர்வுகள் ஒரு வழி. சில வருஷம் அங்கே வேலை பார்த்து, மாதச் சம்பளம் குறைந்தது 1,600 டாலரைத் தொடுவது இன்னொரு வழி. நாம் மேலே ஏறினால் முதலாளிக்கு லாபம், அந்த லாபத்தில் ஒரு பங்கை நாம் கேட்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பத்து வருஷம் ஒரே பிரிவில் இருந்துவிட்டு வந்தவர்கள் இந்த வட்டாரத்திலும் இருக்கிறார்கள். போகிற பிள்ளைகள் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போகட்டும்.

அங்கேயும் ஒரு கொடுமை உண்டு. சிங்கப்பூரில் ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். ஆனால் கடல் தாண்டி இங்கே, பயிற்சி, டெஸ்ட், பெர்மிட் என்று மொத்தமாகப் பேசி லட்சங்களில் வாங்குகிறார்கள். டெஸ்ட்டுக்கு உண்மையில் எவ்வளவு, தங்கும் இடத்துக்கு எவ்வளவு, புரோக்கருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற ரசீதை நான் இதுவரை யார் கையிலும் பார்த்ததில்லை.

இனி ஆஸ்திரேலியா. இந்தப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் குறைவுதான், ஆனாலும் விசாரிக்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அங்கே நாம் மாட்டிக்கொள்வது கைவேலையில் இல்லை, காகிதத்தில். முதலாளி ஸ்பான்சர் செய்கிற தற்காலிக வேலை விசாவுக்கு 482 என்று நம்பர். 2024 டிசம்பர் 7-லிருந்து அதற்குப் பெயர் மாறி, தேவைப்படும் திறன்களுக்கான விசா என்று ஆகியிருக்கிறது. எல்லாத் தொழிலுக்கும் திறன் மதிப்பீடு கேட்பதில்லை. குறிப்பிட்ட சில தொழில்களுக்கு, குறிப்பிட்ட சில நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்கிறார்கள். எலக்ட்ரீசியன், பிட்டர், மோட்டார் மெக்கானிக், சமையல்காரர் மாதிரியான தொழில்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாடுகளில் இந்தியாவும் இருக்கிறது. நிரந்தரமாகத் தங்குவதற்கு முதலாளி நேரடியாக நியமிக்கிற 186 விசா என்றால், மூன்று வருஷ அனுபவமும் திறன் மதிப்பீடும் பொதுவாகக் கட்டாயம். ஆனால் முதலில் 482-ல் போய், ஸ்பான்சர் முதலாளியிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகு அதே 186-க்குள் மாறுகிற வழி ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் மதிப்பீடு கேட்பதில்லை. எந்த வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்துச் செலவும் காகிதமும் மாறும். கன்சல்டன்சிக்காரர் சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள்.

கைத்தொழில்களுக்கு மதிப்பீடு செய்வது டிஆர்ஏ என்கிற அரசு அமைப்பும், அது அனுமதித்த வெட்டாசெஸ் போன்ற நிறுவனங்களும். முதலில் ஆவணம். அதில் திருப்தி ஏற்பட்டால்தான் தொழில்நுட்ப நேர்காணலோ செய்முறையோ. ஆவணம் என்றால், வேலை கொடுத்தவரின் லெட்டர்ஹெட்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முழுநேரமா, என்ன பதவி, தினமும் என்னென்ன செய்தார், என்ன கருவிகளைப் பயன்படுத்தினார் என்ற விவரம். அத்தோடு அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கியதற்கான சாட்சி: பேங்க் ஸ்டேட்மெண்ட், பே ஸ்லிப், பிஎஃப், வருமான வரிப் படிவம். கடைசி மூன்று வருஷத்துக்குள் குறைந்தது ஒரு வருஷம் அந்தத் தொழிலில் முழுநேரமாக இருந்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

இப்போது நம்மூர் ஒர்க்ஷாப்பை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அண்ணாச்சி மேஜை டிராயரைத் திறந்து எண்ணிக் கொடுப்பார். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. பொங்கலுக்கு ஒரு சட்டை, கல்யாணத்துக்குக் கை நிறையப் பணம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம் பார்த்துக்கொள்வார். நல்ல மனுஷர். ஆனால் அவரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்த மெக்கானிக்குக்குக் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒரு தம்பி அப்படித்தான் வந்து நின்றான். மெல்பர்னில் இருந்து தூரத்துச் சிற்றூரில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர் வீடியோ காலில் அவனிடம் இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்து, கோளாறு என்ன என்று விசாரித்து, பதிலில் அசந்துபோய் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். முதலாளியின் கண் தேறிவிட்டது. ஆவணம் தேறவில்லை.

இங்கே மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது. பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துத் தாங்களே சொல்லிக் கொடுத்து வேலையில் வைக்கிற கம்பெனி. அதைப் பார்த்து வளர்கிற நம் பிள்ளைகளுக்கு, திறமை இருந்தால் போதாதா என்று தோன்றுவது இயற்கை. ஒரு கம்பெனி அப்படி முடிவு செய்யலாம். ஒரு நாட்டின் குடியேற்றச் சட்டம் அப்படி முடிவு செய்வதில்லை.

இந்த இடைவெளியில்தான் போலிச் சான்றிதழ் வியாபாரம் நடக்கிறது. அனுபவக் கடிதம் வேண்டுமா, எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டு அடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. என் கடையிலும் கேட்டிருக்கிறார்கள். டைப் செய்து மட்டும் கொடுங்கக்கா, சீல் நாங்க பாத்துக்கிடுதோம் என்று. செய்ய மாட்டேன். ஆஸ்திரேலியாவில் போலி ஆவணம் என்று கண்டுபிடித்தால் விசா மறுப்பதோடு விடமாட்டார்கள், மூன்று வருஷத்துக்கு விசா கிடைக்காதபடி தடை விழும். வேலை தெரிந்த ஒருவன், தெரியாதவன் மாதிரி பொய்க் காகிதம் கொடுத்து மாட்டிக்கொள்வதைப் போல் வயிற்றெரிச்சல் வேறு இல்லை. அந்த மெக்கானிக் தம்பியின் அண்ணாச்சியிடம் நானே பேசினேன். அவர் உடனே லெட்டர்ஹெட் அடித்து, உண்மையான தேதிகளோடு கடிதம் கொடுத்தார். அந்த மாதத்திலிருந்து சம்பளத்தை பேங்க்கில் போடவும் ஆரம்பித்தார். பழைய வருஷங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பில்லில் இவன் கையெழுத்துப் போட்டு வாங்கியது, கம்பெனிப் பயிற்சிக்குப் போய் வந்த சான்று, வேலை செய்கிற படங்கள் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடியவில்லை.

நர்ஸ் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு, அதைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும். பிரிட்டன் போகிறவர்களுக்கு இங்கேயே ஒரு கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போனபின் ஒரு செய்முறைத் தேர்வு, இவற்றோடு ஆங்கிலத் தேர்வு. ஜெர்மனிக்கு மொழியும் படிப்பின் அங்கீகாரமும். அவர்களிடம் சான்றிதழ்கள் ஒழுங்காக இருக்கும், மொழிதான் மலை.

செலவு யாருடையது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு. உலகத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் ஆள்சேர்ப்புக் கட்டணம் என்றால் என்னென்ன என்று ஒரு வரையறை வெளியிட்டது. அதில் மருத்துவப் பரிசோதனை, பயணம் ஆகியவற்றோடு, திறன் தேர்வுச் செலவும் தகுதிச் சான்றுச் செலவும் இடம்பெற்றிருக்கின்றன. இவற்றைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் கொள்கை. ஆள் தேவைப்படுவது முதலாளிக்கு. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பது அந்த நாட்டு அரசுக்கு. பணம் கட்டுவது மட்டும் ஆழ்வார்குறிச்சிப் பையன். இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜெண்ட், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிறவர் ‘டெஸ்ட் செலவு’ என்ற பெயரைத்தான் இப்போது வசதியாகப் பயன்படுத்துகிறார். டெஸ்ட் கட்டணத்தை நீங்களே ஆன்லைனில் நேரடியாகக் கட்டி ரசீது எடுத்துக்கொள்ள முடியும் என்றால், அப்படித்தான் செய்ய வேண்டும். ஏஜெண்டின் பதிவு எண் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். யார் கேட்டாலும் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன். ஏஜெண்டே வேண்டாம் என்றால், 1978-லிருந்து தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அவர்கள் விளம்பரத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருங்கள்.

பத்தாம் வகுப்பில் தவறியதோடு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பத்து தேறினால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற முத்திரை வராது. தேறாவிட்டால் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. அந்த அனுமதியோடு போகிறவர்களுக்குக் கட்டாயக் காப்பீடு ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் வரை. ஈசிஆர் என்பது வெட்கப்பட வேண்டிய முத்திரை இல்லை, அதில் பாதுகாப்பும் இருக்கிறது. ஆனாலும் தனித்தேர்வராகப் பத்தை எழுதி முடித்துவிடுவது நல்லது.

அதேபோல, பலருக்குத் தெரியாத இன்னொரு கதவு இருக்கிறது. ஐடிஐக்குப் போகாமல் வேலையில் பழகியவர்கள், குறிப்பிட்ட வருஷ அனுபவம் இருந்தால், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேறினால் ஐடிஐ மாணவருக்குக் கிடைக்கிற அதே தேசியத் தொழிற்சான்றிதழ். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு விடுகிறபோது பேப்பரில் மூலையில் ஒரு சின்னச் செய்தியாக வரும், யாரும் கவனிப்பதில்லை. இதற்கும் அனுபவச் சான்று வேண்டும் என்பதால், மேஸ்திரியிடமும் ஒர்க்ஷாப் அண்ணாச்சியிடமும் கடிதம் கேட்கிற வேலையை விசா வருகிற வரை தள்ளிப்போடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலேயே கேளுங்கள். பிஎஃப் பிடிக்கிற கம்பெனியில் இருந்தால் யுஏஎன் நம்பரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அரசு ஐடிஐயில் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சார், ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பிள்ளைகளுக்கு வரைபடம் வாசிக்கவும் மில்லிமீட்டர்க் கணக்கும் பாதுகாப்பு முறைகளும் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். காசு வேண்டாம் என்கிறார். சுவரில் பைப் போட்டுப் பார்க்கவும் ஒரு போர்டை வயரிங் செய்து பார்க்கவும் இடம் வேண்டும், பழைய பைப் துண்டுகளும் உடைந்த சுவிட்ச் பாக்ஸ்களும் வேண்டும். கடையம், ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர் பக்கம் மூடிக்கிடக்கிற ஒர்க்ஷாப்போ, ஞாயிறு மட்டும் திறந்து கொடுக்கிற ஷெட்டோ யாரிடமாவது இருந்தால் கடையில் வந்து சொல்லுங்கள். எலக்ட்ரீசியன், பிளம்பர் இரண்டு தொழிலுக்கும் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டேன்.